கதவு இல்லாத கடை

தள்ளி உக்காருங்க சார், சன்னல் ஓரமா. பை இருக்கட்டும், நீங்க தொடாதீங்க, கனமா இருக்கும். நான் மடியிலயே வச்சுக்கிறேன். எப்பவும் நான் இந்த நடக்குற வழிப் பக்கந்தான் உக்காருவேன். எவன் ஏறுறான், எவன் எறங்குறான்னு தெரியணும்ல. அதுவும் இந்த மாதிரி கதவு தானா மூடிக்கிற பஸ்ஸாப் பாத்துத்தான் ஏறுவேன். மத்த பஸ்ஸுல படியில தொங்கிக்கிட்டு வர்றாய்ங்க, கண்ட எடத்துல குதிக்கிறாய்ங்க. இதுல டிரைவர் பட்டனை அமுக்குனாத்தான் உண்டு. இதைக் கண்டுபிடிச்சவன் நல்லா இருக்கணும்.

சார் வாத்தியாரா? போன்ல பேசுனதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அடுத்த வருசம் ரிட்டயர்டு, நோட்டுப் புத்தகக் கடை வைக்கிறதா, சும்மா வீட்டுல இருக்கிறதான்னு யோசனை. அப்படித்தான? தப்பா நினைக்காதீங்க, அடுத்தவன் பேச்சைக் கேட்டுக்கிட்டே நிக்கிறது எனக்குப் பழக்கமாப் போச்சு. ஜெயில்ல வார்டரா இருந்தவன் நான். சீஃப் வார்டராகி ரிட்டயர்டு ஆனேன். பேரு ஆண்டிச்சாமி. எந்த ஜெயிலுன்னா கேக்குறீங்க? நாலஞ்சு ஊரு பாத்தாச்சு. உள்ள போயிட்டா எல்லாம் ஒண்ணுதான் சார்.

ரிட்டயர்டு ஆனப்புறம் என்ன தொழில் பண்றதுன்னு என்கிட்ட கேளுங்க. பட்டவன் சொல்றேன். நீங்க எங்க எறங்கணும்? கொட்டாம்பட்டியா? நான் சிங்கம்புணரி. அதுக்குள்ள சொல்லிருவேன்.

எனக்கும் ஆளாளுக்கு யோசனை சொன்னாய்ங்க. ஒருத்தன் மனை வாங்கிப் போடுங்கிறான், ஒருத்தன் ஆடு வளக்கச் சொல்றான். என்கூட வேலை பாத்த செல்லப்பாண்டி எனக்கு முந்தியே ரிட்டயர்டு ஆகி, மதுரையில ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு வாட்ச்மேனாப் போயிருந்தான். எப்படி இருக்குன்னு பாப்போம்னு போனேன். கார்ல ஒரு சின்னப்பய வர்றான், மீசை கூட ஒழுங்கா மொளைக்கலை. இவன் விழுந்தடிச்சு ஓடிப்போயி கேட்டைத் திறந்துவிட்டு சல்யூட் அடிக்கிறான் சார்! "டேய் செல்லப்பாண்டி, நாம கேட்டைப் பூட்டுனவய்ங்கடா, திறந்துவிடவாடா பொறந்தோம்"னு அவன் தொப்பியைப் பிடுங்கிச் சாக்கடையில எறிஞ்சேன். எதுத்து ஒரு வார்த்தை பேசினான், விட்டேன் ஒண்ணு. அதோட எங்கூடப் பேசுறதில்லை. ரோசக்காரன்.

சொந்தத் தொழில்தான்னு முடிவு பண்ணேன். எம்பொண்டாட்டி பஞ்சவர்ணம் நல்லாச் சமைப்பா. நல்லான்னா சும்மா நல்லா இல்ல. கறியை அரைச்சுக் கோலா உருண்டை போட்டான்னா தெருக்கோடியில போறவன் நின்னு மூக்கைத் தூக்குவான். பிள்ளை இல்ல எங்களுக்கு. குவாட்டர்ஸ்ல அவளுக்கு வேற என்ன வேலை, சமைச்சுக்கிட்டே கெடந்தா. நான் டூட்டிக்குப் போறப்ப வீட்டை வெளிய பூட்டிட்டுத்தான் போவேன். பாதுகாப்புக்குத்தான் சார். ஒருநாள் கூட ஏன்னு கேட்டதில்லை. அப்படி ஒரு அடக்கம்.

அவ என்ன சொன்னான்னா, "தள்ளுவண்டி போதுங்க. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல நிப்பாட்டி சாயங்காலம் பணியாரமும் உருண்டையும் போடுறேன். நாலு சனத்தைப் பாத்தாப்ல இருக்கும், காத்தும் வரும்." அவ வாயைத் திறந்து ஒண்ணு கேட்டதே அதான் மொதத் தடவை. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. கதவு இல்லாதது ஒரு கடையாடி? எவனும் எங்கிட்டுருந்தும் வருவான், எங்கிட்டும் போவான். யாரு சாப்பிட்டது, யாரு சாப்பிடலைன்னு எப்படித் தெரியும்? கதவில்லாத எடத்துல நின்னா எனக்கு மூச்சு முட்டும் சார். இப்பவும் அப்படித்தான்.

ஒத்தக்கடையில எடம் பிடிச்சு பஞ்சவர்ணம் மெஸ்னு போர்டு மாட்டுனேன். முன்னாடி ஷட்டர். உள்ள சாப்பிடுற ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவுல இரும்புல கிரில் கதவு ஒண்ணு செய்யச் சொல்லிப் போட்டேன், தட்டு நீட்டுறதுக்கு மட்டும் நடுவுல ஒரு ஓட்டை. அவளை உள்ள விட்டுப் பூட்டிட்டுத்தான் முன்னாடி ஷட்டரைத் திறப்பேன். ஜெயில்ல அதான் சட்டம். ஒரு கதவைப் பூட்டாம அடுத்த கதவைத் திறக்கக் கூடாது. ஏங்கிட்ட சாவி இருக்கு, அவகிட்ட கரண்டி இருக்கு. எந்தப் பய அடுப்படிக்குள்ள நுழைஞ்சு கறியை எடுப்பான்? சொல்லுங்க பாப்போம்.

கூட்டம் அள்ளுச்சு சார். எல்லாம் வரிசையில வரணும். தட்டை வாங்கணும், உக்காரணும், திங்கணும், எந்திரிக்கணும். சோறு ரெண்டு தடவை, குழம்பு ரெண்டு தடவை. ஒருத்தன், எல்.ஐ.சி. ஏஜெண்டு, பேண்டு சட்டையெல்லாம் மடிப்புக் கலையாம வருவான், அவன் மூணாந்தடவை குழம்பு கேட்டான். இல்லைன்னேன். "காசு குடுத்துத்தானங்க திங்கிறோம், என்ன ஜெயில்லயா திங்கிறோம்"னான். அந்த வார்த்தையைக் கேட்டதும் கை தானாப் போயிருச்சு. ஒரே அறை. பல்லு ஒண்ணு சோத்துல விழுந்துச்சு. அவனும் தட்டைக் கழுவி வச்சிட்டுப் போனான். பாத்தீங்களா, அடிச்சாத்தான் தட்டைக் கழுவுவாய்ங்க. நான் கழுவச் சொல்லவே இல்ல.

பஞ்சவர்ணம் அந்த ஓட்டை வழியாப் பாத்துக்கிட்டே இருந்தா. ராத்திரி "வண்டியே போதுமாயிருந்துச்சுங்க"ன்னா. நான் காதுல வாங்கலை.

அங்க தெனமும் காத்தமுத்துன்னு ஒருத்தன் வருவான். வீடு புகுந்து திருடி ஜெயிலுக்கு வந்தவன், ஏங்கிட்ட அடி வாங்காத நாள் கெடையாது. வெளிய வந்து சிமெண்டு மூட்டை தூக்கிக்கிட்டு இருந்தான். அம்பது தாண்டிருச்சு அவனுக்கு. என்னைப் பாத்தா இப்பவும் எந்திரிச்சு நின்னு "வணக்கம் ஐயா"ம்பான். சுவத்து ஓரமா உக்காந்து தலையைக் குனிஞ்சு தின்னுட்டுப் போவான். நான் திருத்துன ஆளுன்னு எல்லாருக்கிட்டயும் காட்டுவேன். பஞ்சவர்ணம் அவனுக்கு மட்டும் ஒரு உருண்டை கூட வைப்பா. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. போகட்டும்னு விட்டேன்.

இப்பத்தான் சார் விசயத்துக்கு வர்றேன். எங்க எட்டிப் பாக்குறீங்க? மேலூர்தான் தாண்டியிருக்கு. உக்காருங்க.

அன்னிக்கு மத்தியானம், நல்ல கூட்டம். லோடுமேன் ரெண்டு பேரு, உக்காருற சேருக்குச் சண்டை. இவன் அவன் சட்டையைப் பிடிக்கிறான், அவன் இவன் அம்மாளை இழுக்கிறான். நான் வெலக்கி விட்டிருப்பேன்னுதான நெனைக்கிறீங்க? அது உங்க பள்ளிக்கூடத்துல. எங்க வழி வேற. உள்ள கலாட்டான்னா மொதல்ல பூட்டு, அடுத்து அடி, அதுக்கப்புறம் விசாரணை. இந்த வரிசை மாறக்கூடாது. மாத்துனவன் எல்லாம் செத்திருக்கான்.

விசிலை எடுத்து ஊதுனேன். விசிலை நான் விடலை சார், சட்டைப் பையிலயேதான் இருக்கும். ஊதிக்கிட்டே ஷட்டரை டமார்னு எறக்கிப் பூட்டுனேன். கல்லாவுக்குப் பின்னாடியிருந்து லத்தியை உருவுனேன். பொய் சொல்லக்கூடாது, அன்னிக்குத்தான் எனக்கு ரிட்டயர்டு ஆனதே மறந்துபோச்சு. முட்டி வலி, முதுகு வலி எதுவுமே இல்ல. முட்டியில ஒண்ணு, முழங்கையில ஒண்ணு, ஒவ்வொருத்தனாச் சாத்திக்கிட்டே போறேன். சண்டை போட்டவன் யாரு, போடாதவன் யாருன்னு பாக்குறதெல்லாம் கெடையாது. சோத்துக் கையோட சுருண்டு விழுறாய்ங்க. "எல்லாரும் குத்த வை! கையைத் தலையில வை!" அவ்வளவுதான், ஆஸ்பத்திரி கிளார்க்கு, லோடுமேன், கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டாளுக, அத்தனை பேரும் சுவரைப் பாத்துக் குத்த வச்சிட்டாய்ங்க. ஒருத்தன் நெத்தியிலருந்து ரத்தம் சாம்பார்ல சொட்டுது. பாக்கணுமே சார் அந்த வரிசையை.

அதுல ஒரு லோடுமேன் மட்டும் தண்ணிச் செம்பை ஓங்குனான். நான் அடிச்சது அவன் கையை. செம்பு பறந்து அந்த ஓட்டை வழியா அடுப்படிக்குள்ள போயி, உருண்டை பொரிஞ்சுக்கிட்டிருந்த எண்ணெய்ச் சட்டியில விழுந்துச்சு. கொதிக்கிற எண்ணெயில தண்ணி விழுந்தா என்ன ஆகும்? புஸ்ஸுன்னு கூரை வரைக்கும் தீ எந்திரிச்சுருச்சு. அது செம்போட வேலை. நான் அடிச்சது கையைத்தான்.

உள்ளருந்து பஞ்சவர்ணம் கத்துறா. "என்னங்க, நெருப்பு! கதவைத் திறங்க! என்னங்க!"

அப்படிப் பாக்காதீங்க சார். நான் சொல்றதை முழுசாக் கேளுங்க. நான் வேலைக்குச் சேந்த புதுசுல நல்லதம்பின்னு ஒரு வார்டர், என் வயசுதான். ஒரு அறையிலருந்து "ஐயா, நெருப்பு, செத்தோம், திறங்க"ன்னு கத்துனாய்ங்க. பாவம் பாத்துத் திறந்தான். உள்ள நெருப்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. படுக்கக் குடுத்த சிமெண்டுப் பலகையைப் பேத்து அவன் மண்டையில போட்டாய்ங்க. நான் ஓடிப்போறப்ப அவனுக்கு மூக்கு எது வாயி எதுன்னு தெரியலை. என் மடியில கெடந்துதான் செத்தான். அன்னிக்கு முடிவு பண்ணேன், உள்ளருந்து எவன் கத்துனாலும் நம்பக்கூடாது. கத்துறதே கதவைத் திறக்க வைக்கத்தான். மொதல்ல ஆளுகளை எண்ணணும். எண்ணிக்கை சரியா இருந்தாத்தான் சாவியில கையை வைக்கணும்.

பஞ்சவர்ணம்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா காதுக்குத் தெரியலையே சார். நான் எண்ணிக்கிட்டிருக்கேன். குடுத்த தட்டுக்கும் குத்த வச்ச தலைக்கும் ஒண்ணு குறையுது. மறுபடி மொதல்லருந்து எண்ணுறேன். அவ கத்துறா, நான் எண்ணுறேன். புகை வருது, இவய்ங்க இருமுறாய்ங்க, ஒருத்தன் "பெருசு, உங்க வீட்டம்மா எரியுதுய்யா"ன்னு அழுகுறான். எண்ணுறப்ப பேசுனா எப்படி? அவனுக்கு ஒண்ணு விட்டேன். எண்ணிக்கை மறுபடியும் விட்டுப்போச்சு.

குறைஞ்ச தலை யாருதுன்னு அப்பத்தான் தெரிஞ்சது. காத்தமுத்து. அந்தத் திருட்டுப்பய குனிஞ்சுக்கிட்டே போயி, இரும்பு ஸ்டூலைத் தூக்கி கிரில் கதவுப் பூட்டு மேல போடுறான். ரெண்டே போடு. என் பூட்டு சார்! என் கடையில, என் கண்ணு முன்னாடி! கதவைப் பிச்சு அவளை வெளிய இழுத்துப்போட்டான். சேலையெல்லாம் தீ. குத்த வச்சிருந்தவய்ங்க சொல்லாமக் கொள்ளாம எந்திரிச்சு, மோரு, ரசம், தண்ணின்னு கையில கெடைச்சதை அவ மேல ஊத்துறாய்ங்க. வரிசையே போச்சு.

நான் விடுவேனா? காத்தமுத்துவைச் சுவத்துல சாத்தி வச்சு அடிச்சேன். பூட்டு உடைச்ச கை எதுடா? சோத்துக்கைதான. அதை நீட்டச் சொன்னேன். நீட்டுனான் சார், பழக்கம். மணிக்கட்டுல வச்சு லத்தி ஒடியுற வரைக்கும் அடிச்சேன். எலும்பு ஒடிஞ்சது மொதல்ல, லத்தி அப்புறம். அப்ப இவ, வெந்த ஒடம்போட, நடக்க முடியாதவ, தவழ்ந்து வந்து அவன் மேல கவுந்து விழுறா. முதுகுல ஒரு அடி பட்டுருச்சு. நான் அவளை அடிக்கலை. அவ குறுக்க வந்தா.

அதுதான் என் மனசை அறுக்குது. ஏன் குறுக்க வரணும்? புருசன் நானா, அவனா?

சத்தம் கேட்டு வெளிய இருந்தவய்ங்க ஷட்டரை நெம்பித் திறந்து, தீயை அணைச்சு, அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாய்ங்க. போலீஸ் வந்து விசாரிச்சப்ப, கழுத்துல கையில கட்டோட படுத்துக்கிட்டு "அடுப்பு வெடிச்சிருச்சுங்க ஐயா"ன்னுதான் சொன்னா. காத்தமுத்துவும் வழுக்கி விழுந்தேன்னான். மத்தவய்ங்களும் வாயைத் திறக்கலை. பாத்தீங்களா, அவ என்னை விட்டுக்குடுக்கலை. அந்த வரைக்கும் என் பொண்டாட்டிதான். ஆஸ்பத்திரியிலருந்து கூட்டிக்கிட்டு வரலாம்னு ஆட்டோ பிடிச்சுக்கிட்டுப் போறேன், கட்டில் காலியாக் கெடக்கு. அவ தம்பி தவசி வாசல்ல நிக்கிறான். சிங்கம்புணரியில இருக்கான், நாலு நாளைக்கு முந்தியே அங்க கூட்டிக்கிட்டுப் போயிட்டானாம், அன்னிக்கு மருந்து வாங்க வந்திருக்கான். "மச்சான், இனிமே கதவு வச்ச வீட்டுக்குள்ள வரமாட்டேன்னு அக்கா சொல்லுது. எங்க வீட்டுலயும் முத்தத்துலதான் கட்டிலைப் போட்டுப் படுக்குது. மழை பேஞ்சாலும் உள்ள வரமாட்டேங்குது. விட்டுருங்க மச்சான்"னான். ஆஸ்பத்திரின்னும் பாக்கலை, அவன் மூக்குல குத்துனேன். அக்காளும் தம்பியும் பேசி வச்ச பேச்சு அது. கதவில்லாம மனுசன் எப்படித் தூங்குவான்?

இப்பக் கேள்விப்படுறேன், சிங்கம்புணரியில தள்ளுவண்டி போட்டுட்டாளாம். மார்க்கெட்டு முக்குல. நான் வேண்டாம்னு சொன்ன அதே வண்டி. கூட யாரு தெரியுமா? காத்தமுத்து! ஒத்தக்கையால மாவாட்டுறானாம், வண்டி தள்ளுறானாம். அவளுக்கும் இடது கை விரல் மடங்காது. எங்க ஊருல ஒருத்தன் பல்லைக் காட்டிக்கிட்டுச் சொல்றான், "ரெண்டு பேருக்கும் சேத்து ரெண்டு கை, யாவாரம் பிச்சுக்கிட்டுப் போகுது"ன்னு. அவனும் வாங்கிக் கட்டிக்கிட்டுத்தான் போனான்.

மெஸ்ஸு மூடிக் கெடக்கு. நான் தெனமும் போயி ஷட்டரைத் திறக்கிறேன், உள்ள உக்காருறேன், பூட்டிட்டு வர்றேன். அவ இல்லாம அது கடையா? அவ வேணும் சார் எனக்கு. இதை ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு? ஒரு நேரம் வாயில வைக்கிற மாதிரிச் சோறு இல்ல. வீட்டுல பூட்டுறதுக்கு ஆள் இல்ல. வெறும் வீட்டைப் பூட்டிட்டுப் போறப்ப கையே கூசுது.

எங்க எந்திரிக்கிறீங்க? கொட்டாம்பட்டியா? அட, தாண்டிருச்சே. நீங்க சொல்லக்கூடாதா? சொன்னீங்களா? என் காலு மறிச்சிருந்துச்சா? சரி விடுங்க, சிங்கம்புணரியில எறங்கித் திரும்பி வந்துக்கங்க. நல்லதாப் போச்சு, எனக்கு ஒரு சாட்சி வேணும்ல. உக்காருங்கன்னா.

இந்தப் பையில என்ன இருக்குன்னு கேட்டீங்கள்ல? கேக்கலையா, பரவாயில்ல. பாருங்க. சங்கிலி. இது பூட்டு. நான் ரிட்டயர்டு ஆன அன்னிக்கு மாலை, கடிகாரம்னு என்னென்னமோ குடுத்தாய்ங்க, கூட வேலை பாத்தவய்ங்க இதைக் குடுத்தாய்ங்க. எம்புட்டுக் கனம் பாத்தீங்களா? வண்டிக்குக் கதவு இல்லைதான். ஆனா சக்கரம் இருக்கே! சங்கிலியைச் சக்கரத்துல விட்டு, கரண்டுக் கம்பத்தோட சேத்து ஒரு பூட்டு. அப்புறம் வண்டி எங்கிட்டு நகரும்? காத்தமுத்து கையில இனிமே ஸ்டூலைத் தூக்கத் தெம்பு கெடையாது. மிஞ்சுனா இன்னொரு கை இருக்குல்ல, அதையும் பாத்துக்கிறேன். அவ கையைப் பிடிச்சு இழுத்துட்டு இதே பஸ்ஸுல ஏத்திருவேன். கதவு மூடிருச்சுன்னா ஒத்தக்கடையிலதான் திறக்கும்.

அதனால சொல்றேன் சார், நோட்டுப் புத்தகக் கடையோ எதுவோ வைங்க, கதவு ஒண்ணுதான் வைக்கணும். சாவி உங்ககிட்ட இருக்கணும்.

இந்தா ஊரு வந்துருச்சு. ஏன் நின்னுருச்சு? சந்தை நாளா? முன்னாடி லாரி மறிச்சுக்கிட்டு நிக்குது போல. அட! அங்க பாருங்க சார், சன்னல் வழியாப் பாருங்க, அதுதான்! பச்சைப் பெயிண்டு அடிச்ச வண்டி. கழுத்துல தழும்போட நிக்கிறா பாருங்க, அவதான் பஞ்சவர்ணம். என்ன சார் இது, சிரிச்சுப் பேசிக்கிட்டிருக்கா. இவளுக்குச் சிரிக்கத் தெரியுமா? பக்கத்துல அவன். ஏய்! பஞ்சவர்ணம்! இங்கிட்டுப் பாரு!

பாத்துட்டா. பாத்துட்டா சார். கண்டக்டரே, கதவைத் திறக்கச் சொல்லுங்க, நான் எறங்கணும்! என்னது, ஸ்டாண்டுக்குள்ள போயித்தான் திறப்பீங்களா? ரோட்டுல திறக்கக் கூடாதா? யோவ், எம்பொண்டாட்டி அங்க நிக்கிறாய்யா! இந்தா, அடுப்பை அணைக்கிறா. சட்டியை மூடுறா. கையைத் தொடைக்கிறா. அவசரமே படலை பாருங்க. இந்தக் கதவு திறக்காதுன்னு தெரியும் அவளுக்கு, இந்த பஸ்ஸை தெனமும் பாக்குறவ. டேய் காத்தமுத்து, வண்டியைத் தொட்டே வகுந்துருவேன்! அந்தச் சந்துக்குள்ள திருப்புறாங்க சார், அங்கிட்டுப் போனா எங்கன்னு போயித் தேடுறது? திறங்கய்யா! டிரைவர்! கதவைத் திறங்க!

விடுங்க சார் என் சட்டையை. பூட்டாலயே போடுறேன் இந்தக் கதவுக் கண்ணாடிய. ஒடைய மாட்டேங்குதே, என்னத்துல செஞ்சிருக்காய்ங்க. ரத்தமா? வரட்டும். கை போனாப் போகுது. போயிட்டாளே சார். திரும்பிக்கூடப் பாக்கலையே.

என்ன சொல்றான் அந்தக் கண்டக்டர்? கத்துறவனுக்கெல்லாம் கதவைத் திறந்துவிட முடியாதாமா? கேட்டீங்களா அவன் பேச்சை? நீங்க வாத்தியாரு, நீங்களே சொல்லுங்க. உள்ளருந்து ஒரு மனுசன் உசுரு போற மாதிரிக் கத்துறான்னா மொதல்ல கதவைத் திறக்கணும் சார், விசாரணையெல்லாம் அப்புறம். இதுகூடத் தெரியாதவன் கையில எவன் சார் கதவைக் குடுத்தான்?